விவாதத்தை முடிக்கும் வாக்கெடுப்பை எப்படிப் படிப்பது?

‘அரசாங்கத் துறைகளை மாற்றியமைக்கும் மசோதா அமெரிக்க செனட்டில் தோற்றது’ என்று கைப்பேசியில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நாலு பேருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: எதன்மீது வாக்கெடுத்தார்கள்? மசோதாவின் மீதா, இல்லை ‘பேசியது போதும், விவாதத்தை முடிப்போம்’ என்ற தீர்மானத்தின் மீதா? இரண்டும் வேறு வேறு. விவாதத்தை முடிக்கும் தீர்மானம் தோற்றால் மசோதா செத்துப்போகாது. இருந்த இடத்திலேயே நிற்கும். அடுத்த வாரமே மறுபடியும் வாக்கெடுப்புக்கு வரலாம்.

நான் சிங்கப்பூர்ச் சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் லாரியின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, சரக்குப் பட்டியலில் இருப்பதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. 2003 ஏப்ரல் 1ஆம் தேதி, எங்கள் துறையின் எல்லைச் சோதனைப் பணிகளையும் குடிநுழைவுத் துறையையும் ஒன்றாகச் சேர்த்து, குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் உருவானது. அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், மார்ச் 1ஆம் தேதி, அமெரிக்காவின் சுங்கத்துறையும் குடிநுழைவுத் துறையும் புதிதாக அமைந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குள் போயின. மொத்தம் 22 அமைப்புகளை அந்த ஒரே துறையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கான மசோதா செனட்டில் மாதக்கணக்கில் இழுபட்டது. 2002 செப்டம்பரில்தான் சிங்கப்பூர் அமெரிக்கச் சுங்கத்துறையின் கொள்கலன் பாதுகாப்புத் திட்டத்தில் கையெழுத்திட்டிருந்தது. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பது எங்கள் ஓய்வறையில் தேநீரோடு சேர்ந்து வரும் பேச்சாக இருந்தது.

துறைகளைச் சேர்க்கிறார்கள், பிரிக்கிறார்கள் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் பெயர் மாற்றம். உள்ளே இருக்கும் ஊழியருக்கு அப்படி இல்லை. என் பதவி என்ன ஆகும், பணிமூப்பு கூடவே வருமா, இனி யாரிடம் போய் நிற்பது, சங்கத்தில் தொடர முடியுமா என்றெல்லாம் தூக்கம் வராமல் யோசிப்பார்கள். எங்களுக்கும் அந்தக் கேள்விகள் இருந்தன. அமெரிக்க மசோதாவும் அந்த இடத்தில்தான் சிக்கியது. ஆகவே இது போன்ற வாக்கெடுப்புகளைச் சரியாகப் படிக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. இப்போது ஈசூனில் சில தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தமிழ் விவாதப் பேச்சில் உதவி செய்கிறேன். அவர்களுக்குச் சொல்லித்தரும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் 100 பேர். ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்தால், பொதுவாக அவரை நேரக் கணக்கு சொல்லி உட்கார வைக்க முடியாது. கீழவையான பிரதிநிதிகள் சபையில் பெரும்பான்மைக் கட்சி நினைத்தால் ஒரு மசோதாவுக்கு இத்தனை மணி நேரம் என்று வரையறுத்துவிடலாம். செனட்டில் அது நடக்காது. 1917இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, 22ஆம் விதியின் கீழ் விவாதத்தை முடிக்கத் தீர்மானம் கொண்டுவரலாம். அதைத்தான் அங்கே குளோச்சர் என்கிறார்கள். முதலில் 16 செனட்டர்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கொடுத்த அன்றே வாக்கெடுப்பு இல்லை. நடுவில் ஒரு அமர்வு நாள் போக வேண்டும். அப்புறம்தான் வாக்கு. வென்றாலும் உடனே கதவை மூடிவிட மாட்டார்கள். அதற்குப் பிறகும் 30 மணி நேரம் வரை அந்த விஷயத்தைப் பேசலாம். ஆனால் மசோதாவுக்குச் சம்பந்தமில்லாத திருத்தங்களை அந்தக் கட்டத்தில் நுழைக்க முடியாது.

எத்தனை வாக்கு வேண்டும் என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1917இல் வைத்த கணக்கு, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 1975இல் அதை மாற்றி, பதவியில் இருக்கும் மொத்த செனட்டர்களில் ஐந்தில் மூன்று பங்கு என்றார்கள். நூறு இடமும் நிரம்பியிருந்தால் 60. ‘வந்து வாக்களித்தவர்கள்’ என்பது ‘மொத்த செனட்டர்கள்’ ஆனதை விட்டுவிடாதீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 58 பேர் முடிக்கலாம் என்கிறார்கள், 38 பேர் வேண்டாம் என்கிறார்கள், 4 பேர் வரவில்லை. வாக்களித்த 96 பேரில் 58 பேர் என்றால் 60 விழுக்காட்டுக்கும் மேல். இருந்தும் தீர்மானம் தோற்றுவிடும், ஏனென்றால் வேண்டியது 60 பேர். வராத அந்த நான்கு பேரும் எதிர்த்து வாக்களித்தது போலத்தான். அதனால் விவாதத்தை முடிக்க நினைப்பவர்கள்தான் ஆளைத் தேடிப் பிடித்து அவைக்குக் கொண்டுவர வேண்டும். தடுப்பவர்கள் மருத்துவமனையில் இருந்தாலும் ஊருக்குப் போயிருந்தாலும் அவர்கள் பக்கத்துக்கு நஷ்டமில்லை.

பழைய கணக்கில் என்ன ஆகும் என்பதற்கு 1974இல் நடந்ததைப் பாருங்கள். பயனீட்டாளர் பாதுகாப்புக்குத் தனி அமைப்பு ஒன்றை உருவாக்கும் மசோதா அது. விவாதத்தை முடிக்க அந்த ஆண்டில் பலமுறை முயன்றார்கள். கடைசி முறை 64 பேர் ஆதரவு, 34 பேர் எதிர்ப்பு. 98இல் மூன்றில் இரண்டு பங்கு என்றால் 66. இரண்டே வாக்கு குறைந்ததால் போய்விட்டது. அந்த அமைப்பு பிறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு வந்த விதி அன்றைக்கே இருந்திருந்தால் அதே 64 பேர் தாராளமாகப் போதும். பழைய வாக்கெடுப்பு ஒன்றை எடுத்துப் படிக்கும்போது ஆண்டை முதலில் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று, அதிபர் நியமிக்கும் அதிகாரிகளையும் நீதிபதிகளையும் உறுதிசெய்யும் வாக்கெடுப்பில் இப்போது 60 தேவையில்லை. 2013இலும் 2017இலும் நடந்த மாற்றங்களால் அங்கே சாதாரணப் பெரும்பான்மை போதும். மசோதாக்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்து, எதன்மீதான விவாதத்தை முடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரே மசோதாவுக்கு இந்தத் தீர்மானம் பலமுறை வரலாம். மசோதாவை எடுத்துப் பேசலாமா என்பதற்கே ஒரு விவாதம், அதை முடிக்க ஒரு வாக்கெடுப்பு. ஒரு பெரிய திருத்தத்தின் மீதான விவாதத்தை முடிக்க இன்னொன்று. கடைசியில் மசோதாவின் மீதே ஒன்று. செய்தியில் மூன்றுக்கும் ஒரே தலைப்பைப் போட்டுவிடுவார்கள். வாக்குப் பதிவில் மட்டும் தெளிவாக எழுதியிருக்கும்.

இனி 2002க்கு வருவோம். உள்நாட்டுப் பாதுகாப்புக்குத் தனித் துறை வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் ஜோ லீபர்மன் முக்கியமானவர். அதிபர் ஜார்ஜ் புஷ் தொடக்கத்தில் அதை ஏற்கவில்லை. 2002 ஜூன் மாதம் அவரே தொலைக்காட்சியில் தோன்றித் தன் திட்டத்தை அறிவித்தார். ஜூலை 26ஆம் தேதி கீழவையில் 295க்கு 132 என்று மசோதா நிறைவேறியது. செப்டம்பரில் செனட் எடுத்துக்கொண்டது. அங்கே வந்ததும் இழுபறி.

துறை வேண்டுமா வேண்டாமா என்பதில் பெரிய சண்டை இல்லை. அதில் வேலை பார்க்கப்போகும் ஏறக்குறைய 1,70,000 ஊழியர்களைப் பற்றித்தான் சண்டை. அவர்களைச் சங்க உரிமையிலிருந்து விலக்கவும், ஆள் எடுக்கும் முறையையும் ஒழுங்கு நடவடிக்கையையும் மாற்றவும் தனக்கு அதிகாரம் வேண்டும் என்றார் அதிபர். சங்கங்கள் எதிர்த்தன. ஜனநாயகக் கட்சியினர் ஊழியர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தரும் லீபர்மனின் வடிவத்தை முன்வைத்தார்கள். அதன் மீதான விவாதத்தை முடிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார்கள், 60 கிடைக்கவில்லை. மறுபடி கொண்டுவந்தார்கள், மறுபடியும் கிடைக்கவில்லை.

இதைக் கவனமாகப் படியுங்கள். தடுத்தவர்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியினர். அவர்கள் புதிய துறைக்கு எதிரிகளா? இல்லவே இல்லை. அந்தத் துறையை அதிபர் கேட்டபடி அமைக்க வேண்டும் என்று நின்றவர்கள். தங்கள் பக்கத்து வடிவம் தனியாக வாக்கெடுப்புக்கு வரும்வரை விவாதத்தை முடிக்க விடமாட்டோம் என்றார்கள். ‘எதிர்த்து வாக்களித்தார்கள், ஆகவே பாதுகாப்புத் துறை வேண்டாம் என்கிறார்கள்’ என்று ஒருவர் மேடையில் பேசினால் அது முழுத் தவறு. என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதை அடிக்கடி சொல்வேன்: தம்பி, தங்கச்சி, முடிக்க வேண்டாம் என்பவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று அவருடைய உரையைத் தேடிப் படி, எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அவர் மனதைப் படிக்க முடியாது.

தவறாகப் படிப்பதால் என்ன கேடு வரும் என்பதற்கும் அதே ஆண்டில் சான்று இருக்கிறது. ஜார்ஜியாவின் செனட்டர் மேக்ஸ் கிளெலண்ட், வியட்நாம் போரில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். லீபர்மனின் மசோதாவை ஆதரித்து முன்மொழிந்தவர்களில் அவரும் ஒருவர். நவம்பர் தேர்தலில் அவருக்கு எதிராக வந்த விளம்பரம், அதிபரின் பாதுகாப்பு முயற்சிகளுக்கு எதிராக அவர் 11 முறை வாக்களித்தார் என்றது. திருத்தங்கள் மீதும் நடைமுறை விஷயங்கள் மீதும் நடந்த வாக்குகளைக் கூட்டிவந்த எண் அது. கேட்டவர்கள் காதில் ‘நாட்டுப் பாதுகாப்பை எதிர்த்தவர்’ என்றுதான் விழுந்தது. அவர் தோற்றார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. நடைமுறை வாக்கை நடைமுறை வாக்கு என்று சொல்லாமல் விடுவது ஒரு மனிதருக்கு இழைக்கும் அநியாயம்.

நவம்பர் 5 தேர்தலில் குடியரசுக் கட்சி கை ஓங்கியது. நவம்பர் 13ஆம் தேதி கீழவை புதிய வடிவம் ஒன்றை நிறைவேற்றியது. நவம்பர் 19ஆம் தேதி செனட்டில் விவாதத்தை முடிக்கும் தீர்மானம் 83க்கு 16 என்று வென்றது. அதே நாளில் மசோதாவின் மீது இறுதி வாக்கெடுப்பு: 90க்கு 9.

இந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 83, 16. கீழே 90, 9. இரண்டிலும் கூட்டுத்தொகை 99தான். முடிக்க வேண்டாம் என்ற 16 பேரில் குறைந்தது 7 பேர், மசோதா வந்ததும் சரி என்று வாக்களித்திருக்கிறார்கள். ஒரே நாள், ஒரே அவை, ஒரே மசோதா. இன்னும் பேச வேண்டும் என்பது ஒரு நிலை. மசோதா வேண்டாம் என்பது வேறு நிலை. கடைசிவரை எதிர்த்த ஒன்பது பேரில் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பைர்டு ஒருவர். அதிபருக்கு இவ்வளவு அதிகாரத்தை அவசரமாகக் கொடுக்கக் கூடாது என்று அவையில் நெடுநேரம் பேசியவர் அவர். நவம்பர் 25ஆம் தேதி அதிபர் கையெழுத்திட, மசோதா சட்டமானது.

வாக்குப் பதிவை நீங்களே பார்க்கலாம், காசு கொடுக்க வேண்டியதில்லை. செனட்டின் இணையத்தளத்தில் பெயர் வாரியான வாக்குப் பட்டியல் ஆண்டு வாரியாக இருக்கிறது. மேலே சொன்னதைத் தேட 107ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு பருவம்), இரண்டாம் அமர்வு என்று போங்கள். மசோதா எண் எச்.ஆர். 5005. பக்கத்தைத் திறந்ததும் பெயர்களுக்குத் தாவாதீர்கள். முதலில் ‘கொஸ்டின்’ என்று போட்டிருக்கும் வரியைப் பாருங்கள். அதில் ‘குளோச்சர் மோஷன்’ என்று இருந்தால் அது விவாதத்தை முடிப்பதற்கான வாக்கு. எதன்மீது என்பதும் அங்கேயே இருக்கும். பக்கத்தில் தேவையான பெரும்பான்மை எவ்வளவு என்று இருக்கும். ஐந்தில் மூன்றா, பாதியா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாக்களிக்காதவர்கள் எத்தனை பேர். இந்த மூன்றையும் எழுதிக்கொண்ட பிறகுதான் யார் எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

பெயர்களைப் பார்க்கும்போது ஒரு இடத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டும். தீர்மானத்தைக் கொண்டுவந்த பெரும்பான்மைக் கட்சித் தலைவரே சில நேரம் ‘வேண்டாம்’ பட்டியலில் இருப்பார். கட்சிக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று எழுதிவிடாதீர்கள். முடிந்த வாக்கெடுப்பை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை, வென்ற பக்கத்தில் வாக்களித்தவருக்கும் வாக்களிக்காமல் இருந்தவருக்கும்தான் உண்டு. தீர்மானம் தோற்கப்போகிறது என்று தெரிந்ததும் தலைவர் தன் வாக்கை அந்தப் பக்கம் மாற்றிப்போட்டுவிடுவார். பிறகு ஆள் சேர்ந்ததும், புதிதாக 16 கையெழுத்து வாங்கிக் காத்திருக்காமல் அதே தீர்மானத்தை மறுபடி எழுப்பலாம். ஆகவே 58 ஆதரவு, 42 எதிர்ப்பு என்று இருந்து, அந்த 42இல் தலைவரும் இருந்தால், உண்மையில் அவர்கள் பக்கம் 59 பேர்; 60 பேர் இருந்தார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் மாறியதே 60 கிடைக்காது என்பதால்தான். வராத உறுப்பினர் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அடுத்த முறை என்ன நடக்கும் என்று ஊகிக்க முடியும்.

அப்புறம் நம் ஊர். பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்: நம் நாடாளுமன்றத்தில் இப்படி நடக்குமா? அமைச்சுகளை மாற்றியமைப்பதற்கு இங்கே பொதுவாக மசோதாவே வேண்டியதில்லை. எந்த அமைச்சருக்கு எந்தப் பொறுப்பு என்பதைப் பிரதமர் முடிவு செய்கிறார், அரசிதழில் வெளியாகிறது. 2024 ஜூலையில் தொடர்பு, தகவல் அமைச்சு மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சானது அப்படித்தான். தனிச் சட்டத்தால் அமையும் அரசு அமைப்புகளான ஆணைபெற்ற கழகங்கள் விஷயத்தில் சட்டம் தேவை. சிங்கப்பூர் உணவு அமைப்பு 2019 ஏப்ரல் 1ஆம் தேதி உருவானபோது அதற்கு மசோதா வந்தது, நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது. பழைய வேளாண், உணவு, கால்நடை மருத்துவ ஆணையத்தின் உணவுப் பணிகள் அங்கே போயின, விலங்குகள் தொடர்பான பணிகள் தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போயின. இந்த விவாதங்களில் கேட்க வேண்டிய கேள்வியும் எங்கள் ஓய்வறைக் கேள்விதான்: ஊழியர்களை எந்த நிபந்தனையில் மாற்றுகிறீர்கள்? மசோதாவில் ஊழியர் மாற்றத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

ஒருவர் பேசியே மசோதாவை நிறுத்துவது இங்கே நடக்காது. உறுப்பினர்களுக்குப் பேச நேர வரம்பு உண்டு. வரவுசெலவுத் திட்டத்தின்போது ஒவ்வொரு அமைச்சுக்கும் நேரம் ஒதுக்கி, அது முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு நிலையான விதிகளில் இடம் இருக்கிறது, நாடாளுமன்ற நாயகர் அனுமதித்தால். ஆனால் நாம் அடிக்கடி கேட்பது அதற்கு நேர்மாறான தீர்மானம்: அமர்வு முடியும் நேரம் தாண்டியும் அவை தொடரட்டும் என்பது. 2021 அக்டோபர் 4ஆம் தேதி வெளிநாட்டுத் தலையீட்டைத் தடுக்கும் மசோதா மீது பத்து மணி நேரத்துக்கு மேல் பேசி, இரவு 11 மணி தாண்டி வாக்கெடுத்தார்கள். 75 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு, 2 பேர் வாக்களிக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வேறு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கில்தான் நிறைவேறுகின்றன. பெயர் வாரியாகப் பதிவாக வேண்டும் என்றால் குறைந்தது ஐந்து உறுப்பினர்களாவது எழுந்து நின்று கேட்க வேண்டும். அப்போதுதான் மணி அடித்து, உறுப்பினர்கள் மின்னியல் முறையில் வாக்களிப்பார்கள். ஐந்து பேர் இல்லாதவர்கள், தங்கள் மறுப்பைப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்ளலாம். ஆகவே ‘எல்லாரும் ஆதரித்தார்கள்’ என்று எழுதுவதற்கு முன்னால், பெயர் வாரியாக வாக்கெடுத்தார்களா, மறுப்பு ஏதேனும் பதிவானதா என்று நாடாளுமன்றப் பதிவேட்டைப் பாருங்கள். தமிழில் பேசிய உறுப்பினரின் உரை அங்கே தமிழிலேயே கிடைக்கும். மேடைப் பேச்சுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு அது பெரிய புதையல்; ஒரு கொள்கையை நல்ல தமிழில், அளந்த நேரத்துக்குள் எப்படிச் சொல்வது என்று அதில் கற்றுக்கொள்ளலாம்.

செய்தியை நீங்கள் பகிரும்போது ஒரே வாக்கியம் போதும். இப்படி எழுதுங்கள்: ‘இன்ன மசோதாவின் மீதான விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு இத்தனை பேர் ஆதரவு, இத்தனை பேர் எதிர்ப்பு, இத்தனை பேர் வரவில்லை, தேவை 60, மசோதா இன்னும் அவையில்தான் இருக்கிறது.’ கூடவே தடுத்தவர்கள் சொல்லும் காரணத்தை ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது.

தேதியிலும் கவனம் வேண்டும். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் வரை நாம் வாஷிங்டனைவிட 13 மணி நேரம் முன்னால் இருக்கிறோம், மற்ற மாதங்களில் 12 மணி நேரம். அங்கே பகல் 11 மணிக்கு வாக்கெடுப்பு என்றால் இங்கே நள்ளிரவு, அல்லது இரவு 11 மணி. மாலை வாக்கெடுப்பு என்றால் இங்கே அடுத்த நாள் காலை ஆகிவிடும். நீங்கள் எழுதும் குறிப்பில் வாஷிங்டன் தேதியையே போடுங்கள், பதிவேட்டில் தேடுபவருக்கு அதுதான் கிடைக்கும்.